ஊமைப்பார்க்காரர்கள்

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிற மனிதரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் இல்லாத தெரு இல்லை. அவரைக் கேலி செய்யாத ஆளும் இல்லை. பாவம், அவரை விட்டுவிடுவோம். நான் சொல்லப் போவது அவருக்கு நேர் எதிரான ரகம்: தெரிந்ததைத் தெரியாததுபோலச் சொல்கிறவர். நல்ல கருவாடு எந்தக் கடையில் கிடைக்கும் என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். "இந்த ஊர்ல நல்ல கருவாடு ஏது?" என்று பெருமூச்சு விடுவார். அவர் கக்கத்தில் இடுக்கியிருக்கும் பைக்குள்ளிருந்து அந்த நல்ல கருவாடே உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் தூத்துக்குடிக் கரையில் விளைகிற மாதிரி வேறெங்கும் விளையாது. உப்பளக் காற்று அதற்கு ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது. நானும் இந்தக் கரையில் பிறந்து இந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள்தான். ஆகையால் இனத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் நண்டுக் குழம்பில் என்ன சேர்க்கிறேன் என்று என் மருமகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். "உப்பும் புளியுந்தான், ஏளா. மத்ததெல்லாம் கைப்பக்குவம்" என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். திரேஸ்புரத்து தஸ்நேவிஸ் ரோச். சொந்தமாக ஒரு பாய்மர வள்ளம், தோளில் ஒரு லேஞ்சித் துண்டு, மீசையில் கொஞ்சம் கர்வம். இவருடைய முழு வாழ்க்கையும் ஒரே ஒரு பாரின்மேல் நிற்கிறது. பார் என்றால் கடலடியில் கிடக்கிற பாறைத் திட்டு. ஒரு காலத்தில் முத்துக் குளித்தது அங்கேதான். கலவாவும் விளைமீனும் குடும்பம் நடத்துவதும் அங்கேதான். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒன்றை ஒன்று மறைக்கும்படி நேர்பிடித்துக்கொண்டு போனால்தான் பாரின் தலைக்குமேல் வள்ளம் நிற்கும். தஸ்நேவிஸின் பாருக்கு மாதா கோவில் கோபுரம் மில் புகைபோக்கியை மறைக்க வேண்டும். (இதை நம்பித் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நான் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.)

இந்தப் பாரை அவர் காத்த அழகைக் கேளுங்கள். தெற்கே போக வேண்டுமென்றால் வடக்கே பாய் விரிப்பார். பாதி வழியில் எவனுடைய பாயாவது கண்ணில் பட்டுவிட்டால் அந்த இடத்திலேயே நங்கூரம் போட்டு, மீனே இல்லாத தண்ணீரில் தூண்டிலை இறக்கி, அவன் மறைகிற வரைக்கும் ஏதோ பெரிய மீன் இழுக்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டின் அடியில் ஒட்டிவந்த பார்மணலைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிடுவானோ என்று அதைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கரை ஏறுவார். வள்ளத்தில் வேலை செய்கிற ஆட்களை மாதா படத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார். கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது குடித்ததைச் சொல்வார், அடித்ததைச் சொல்வார். பாரை மட்டும் சொல்ல மாட்டார். சாமியாருக்கும் தூண்டில் பழக்கம் உண்டு.

"எங்கன பட்டுது அண்ணாச்சி, இம்புட்டுக் கலவா?"

"அங்கன."

அந்த 'அங்கன' சொல்லும்போது அவர் கை வேம்பாரில் தொடங்கி மணப்பாட்டில் போய் முடியும். நடுவில் இருக்கிற கடலில் எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், பம்பாய்க் கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அடுத்த வருஷமே எங்கள் கடலில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நின்றது. தண்ணீருக்குள் வெடி போட்டுப் பார்க்கிறான் என்றார்கள். துளை போடப் போகிறான் என்றார்கள். கடலில் எண்ணெய் எடுப்பதற்குத் தடை போட வேண்டுமா, வேண்டாமா என்று டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்தன. தடை வேண்டும் என்கிறவர்களுக்கு தஸ்நேவிஸ் தலைவர். வேண்டாம் என்கிறவர்களுக்கு அவருடைய மனைவி இசபெல்லாவின் தம்பி கிளாட்வின். கிளாட்வினுக்கு மோட்டார் வைத்த லாஞ்சு இருந்தது. அது குடித்த டீசலில்தான் அவனுடைய கொள்கை ஓடியது.

"நம்ம கடல்ல ஒரு ஊசி எறங்கக் கூடாது, ஆமா!"

"ஊசி எறங்காட்டி டீசல் எங்கனருந்து அத்தான் வரும்? உம்ம பாய்க்குக் காத்து போதும். என் லாஞ்சுக்கு?"

"ஒன் லாஞ்சு குடிக்கதுக்குக் கடல்ல ஓட்டை போடணுமாலே? எண்ணெய் கசிஞ்சா மீனு பூராவும் செத்து மெதக்கும்."

"சீமெண்ணெய்க்கு எங்க அக்கா கியூவுல நின்னு காலு வீங்கிக் கெடக்கா. அது ஒமக்குத் தெரியலியோ?"

"ஒங்க அக்காவ நான் பாத்துக்கிடுதேன். நீ கடலைப் பாரு."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இரண்டு பேரும் கத்த வேண்டியிருந்தது. கடல் எங்கள் தாய், தாயின் வயிற்றில் துளை போடுவீர்களா என்று தஸ்நேவிஸ் மேசையைத் தட்டினால் டீக் கிளாஸ்கள் குதிக்கும். கேட்கிற எங்களுக்குக் கண்ணீர் வரும். நானே லேஞ்சி தேடியிருக்கிறேன்.

விஷயம் முற்றி, சர்க்கார் ஒரு அதிகாரியை அனுப்பியது. செல்லப்பாண்டி என்று பெயர். ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர். தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீரை அதிகம் பார்த்திராத நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். பெரிய மேசையில் கடல் படத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்திருந்தார்கள். தஸ்நேவிஸ் எழுந்து தாய், வயிறு, துளை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்கியதும் செல்லப்பாண்டி பொறுமையாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, கடல் பூராவும் வேண்டாம்னா மேல உள்ளவங்க கேக்க மாட்டாங்க. மீனும் சிப்பியும் உள்ள இடத்தை மட்டும் தொடக் கூடாதுன்னா கேப்பாங்க. எந்தெந்த இடம்னு நீங்களே வந்து படத்துல காட்டுங்க. சிவப்புப் பென்சில்ல வட்டம் போட்டுக்கிடுதேன். அங்கன துளை போடக் கூடாதுன்னு எழுதி அனுப்பிடுதேன். நீங்கதான் மொதல்ல காட்டணும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! தஸ்நேவிஸ் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். படத்தில் தன் பார் எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. விரல் அந்தப் பக்கம் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் கிளாட்வின் எட்டிப் பார்க்கிற மூச்சு கழுத்தில் சுட்டது. கிளாட்வின் மட்டுமா? திரேஸ்புரம் முழுக்கக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

விரல் திரும்பியது. நண்டுகூடக் குடியிருக்க யோசிக்கிற ஒரு சகதியின்மேல் போய் உட்கார்ந்தது.

"இதான் சார். எங்க பாட்டன் காலத்துப் பார்."

"அடேயப்பா, பெரிய மீன்காடுல்லா அது!" என்று பின்னால் இருந்து பேபி சாட்சி சொன்னார். பேபி என்பது பெயர்தான். ஆள் தூண் மாதிரி இருப்பார், அவருக்கும் ஒரு வள்ளம் உண்டு. அடுத்து பேபி வந்து, கப்பல் போகிற தடத்தில், நாளெல்லாம் கலங்கிக்கொண்டிருக்கிற தண்ணீரைக் காட்டினார். தஸ்நேவிஸ் முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆமா சார், நல்ல எடம்" என்றார். தடையே வேண்டாம் என்று நேற்றுவரை கத்திய கிளாட்வினும் வந்து, வேம்பாருக்கு எதிரே வெறும் மணலைத் தொட்டான். இப்படி ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொரு சகதியாகக் காட்டி, ஒருவர் சகதிக்கு ஒருவர் சத்தியம் செய்தார்கள். அவனவனுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு: இந்தப் பயல் இத்தனை வருஷமாக இந்தச் சேற்றிலா மீன் பிடித்தான், நம்முடைய இடம் யாருக்கும் தெரியாது!

செல்லப்பாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப சந்தோஷம். கம்பெனிக்காரங்க மொதத் துளை போட நெனைக்க எடம் இதுதான்" என்று, சிவப்பு வட்டமே விழாமல் நடுவில் வெள்ளையாகக் கிடந்த ஒரு இடத்தைத் தொட்டார். "இங்கன ஒருத்தரும் கை வைக்கல. தரிசுன்னு தெரியுது. நமக்கும் நஷ்டமில்ல, அவங்களுக்கும் தோது." கறுப்புப் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு சிலுவை போட்டார்.

அது தஸ்நேவிஸின் பார்.

அவருக்கு வியர்த்தது. சுற்றிப் பார்த்தார். எல்லாருக்கும் வியர்த்திருந்தது. ஹாலில் காற்றில்லை என்று நினைத்துக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றவில்லை. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த இசபெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, பேயடிச்ச மாதிரி வந்து நிக்கீய?"

"ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல துளை போடப் போறானாம்."

"நம்ம எடத்துலயா?"

"நம்ம எடம் எதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் இசபெல்லா. அவளும் இந்தக் கரைக்காரிதான். "நம்ம எடம்னா அந்தச் சார்கிட்ட போயிச் சொல்லுங்களேன். நாளைக்குச் சாயங்கால ரயிலுக்குத்தானே போறாராம்."

"சொன்னா மறுநாளு ஒன் தம்பி லாஞ்சு அங்கன நிக்கும்."

"சொல்லாட்டி எண்ணெய்க்காரன் நிப்பான். தம்பி நின்னா மீன்தான் கொறையும். எண்ணெய்க்காரன் நின்னா வள்ளத்தை வெறகுக்குப் போட வேண்டியதுதான்."

இப்படி மடக்கினால் இந்த இனம் என்ன செய்யும்? சாப்பாடு சரியில்லை என்று சொல்லும். சொன்னார்.

மறுநாள் காலையில், ஒரு பெரிய கலவாவைத் தென்னோலையில் சுற்றிக்கொண்டு, அதிகாரி தங்கியிருந்த பங்களாவுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். யாராவது கேட்டால் மரியாதைக்கு மீன் கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வராந்தாவில் ஏறினால், பெஞ்சில் கிளாட்வின்.

"நீ எங்கலே இங்கன?"

"பையனுக்குக் கம்பெனியில ஒரு வேலை சொல்லி வைக்கலாம்னு. நீரு?"

"மீனு குடுக்க."

கிளாட்வினின் பையனுக்கு இன்னும் பால்பல் விழவில்லை. பக்கத்தில் பேபி, பேரனுக்கு மந்திரிக்க வந்ததாகச் சொன்னார். அதிகாரி எப்போதிலிருந்து மந்திரிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. தூணுக்குத் தூண் திரேஸ்புரம் ஒதுங்கி நின்றது. எல்லாரும் தோட்டத்துச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் படி இறங்குவார். ஆனால் வாசலைத் தாண்ட மாட்டார். அடுத்தவன் உள்ளே என்ன சொல்கிறான் என்று தெரியாமல் எப்படிப் போவது?

தஸ்நேவிஸின் முறை வந்தது. உள்ளே போனார், கதவைச் சாத்தினார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"சார், ஒரு எடம் இருக்கு. அங்கன துளை போடக் கூடாது. ஆனா அது எந்த எடம்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"சர்க்காருக்கு?"

"சர்க்காருக்கும் தெரியக் கூடாது சார்."

செல்லப்பாண்டி பென்சிலைக் கீழே வைத்தார். "எடமே தெரியாம சர்க்கார் எப்படி அண்ணாச்சி தடை போடும்?"

"அதைத்தான் சார் நீங்க ஒரு வழி பண்ணணும்."

"சரி, எனக்காவது காட்டுங்க."

தஸ்நேவிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். விரலை வைத்தார். வைத்த இடத்தில் நேற்றுப் போட்ட பென்சில் சிலுவையைக் காணோம். மீன் எண்ணெய் ஊறிப்போன ஒரு வட்ட அழுக்குத்தான் இருந்தது.

"அழிச்சிட்டீயளா சார்?"

"நான் எங்க அழிச்சேன்? காலையிலருந்து வந்தவங்க எல்லாரும் கதவைச் சாத்திட்டு இதே எடத்துலதான் விரலை வச்சுத் தேய்க்காங்க."

அந்த நிமிஷத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார் பிழைத்துவிடும் என்று சந்தோஷப்பட்டாரா? துளை வராது என்று மாதாவுக்கு நன்றி சொன்னாரா? கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"ஏலே கிளாட்வினு! என் பார்ல நீயுமாலே புடிக்கே?"

"ஒம்ம பாரா? எங்க அப்பா எனக்குக் காட்டின பாரு அது!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. எங்க பெரியப்பா கண்டுபுடிச்சது" என்றார் பேபி.

அவரவர் பாட்டன்மாரும் பெரியப்பாமாரும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அந்த வராந்தாவில் சண்டை போட்டார்கள். ஒருவன் பாய் தெரிந்தால் இன்னொருவன் வழி மாறிப் போய், மீனில்லாத தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, இத்தனை வருஷமாக எல்லாரும் ஒரே பாரில் முறை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். முறை வைத்தது யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

செல்லப்பாண்டி படத்தைச் சுருட்டினார். "நேத்து நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துல இந்த எடம் தரிசுன்னு இருக்கு. இன்னிக்கு ஒவ்வொருத்தரும் என் காதுல வந்து சொன்னதை நான் மெட்ராஸுல யாருக்குச் சொல்ல? எல்லாரும் ஒண்ணா நின்னு, நேத்துக் காட்டினது பொய், பார் இங்கதான் இருக்குன்னு வெளிப்படையாச் சொன்னா மாத்தி எழுதுதேன். இல்லாட்டி இப்படியே போகும். அப்புறம் உங்க இஷ்டம்."

சுருட்டிய படத்தைச் சணலால் கட்டினார். வராந்தா மறுபடியும் செம்பருத்தியைப் பார்க்கத் தொடங்கியது. முதலில் சொல்கிறவன்தானே முதல் பொய்யன்? ஊருக்கு முன்னால், மச்சானுக்கு முன்னால், அதுவும் நேற்று மேசையைத் தட்டியவர் எப்படிச் சொல்வார்? ஆனால் அந்தச் சுருளுக்குள் தன் வள்ளமும் பாயும் சேர்ந்து சுருண்டு கிடப்பது தஸ்நேவிஸுக்கு நன்றாகத் தெரிந்தது. லேஞ்சியை எடுத்துக் கையில் முறுக்கினார்.

"நேத்து நான் காட்டினது சகதி சார்" என்றார். "அங்கன ஒரு நண்டு கெடையாது. என் பார் இதுதான். என் பிள்ளைக சோறு இதுதான். நீயும் சொல்லுலே மாப்ள. துளை விழுந்தபெறவு யாரு பாருன்னு சண்டை போட நமக்குப் பார் இருக்காது."

கிளாட்வின் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பேபி சொன்னார். பிறகு எல்லாருமே சொன்னார்கள். சொல்லத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் முந்தினார்கள்.

"எடத்துக்கு ஒரு பேர் எழுதணுமே" என்றார் செல்லப்பாண்டி. ரோச் பார், கிளாட்வின் பார், பெரியப்பா பார் என்று மறுபடி சத்தம் கிளம்பியது. மீன் விற்க வந்து பங்களாக் குசினியில் கூடையை இறக்கி வைத்திருந்த இசபெல்லா, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஊமைப்பார்னு எழுதுங்க சார்."

"அப்படி ஒரு பேர் இருக்கா?"

"மீனு விக்கிற பொம்பளைக நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதோம். எங்கன பட்டுதுன்னு கேட்டா எந்த வீட்டு ஆம்பளைக்கு வாய் வரலியோ, அந்த மீனு ஊமைப்பார் மீனு."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே?" என்றார் தஸ்நேவிஸ்.

"நீங்க கேக்கலியே."

சில மாதம் கழித்து, ஊமைப்பாரில் துளை போடுவதில்லை என்று மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. மற்ற கடலைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். டீக்கடைகளில் சண்டை பழையபடி தொடர்ந்தது. தடை வேண்டும், வேண்டாம், தாய், டீசல். ஊமைப்பாரின்மேல் விடிந்தால் பாய்கள் கூடி நின்றன. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "வாரும்வே", "கொஞ்சம் தள்ளிப் போடும்வே" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி, இலை நிறையாத முகத்தோடு எல்லாரும் பிடித்தார்கள்.

தஸ்நேவிஸை மட்டும் அங்கே காணோம்.

"நாய் மாதிரி அலைஞ்சு காப்பாத்தின பாரு. அங்கன போகாம எங்கன போறீய?" என்று இசபெல்லா ஒரு நாள் கேட்டாள்.

"கூட்டமா கெடக்கு."

"அன்னிக்கு அந்தச் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னீயளே?"

"எல்லாத்தையும் எவன் சொல்லுவான்?" என்றார். சொல்லும்போதே மீசைக்கடியில் ஒரு சிரிப்பு. ஊமைப்பாருக்கு அப்பால் இன்னொரு சின்னப் பார் இருந்தது. அது படத்திலும் இல்லை, தீர்மானத்திலும் இல்லை, தஸ்நேவிஸைத் தவிர யார் நெஞ்சிலும் இல்லை என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அந்த வெள்ளைக் கப்பல் திரும்பி வந்து, சின்னப் பார் இருக்கிற திசையில் நங்கூரம் போட்டிருக்கிறது. தஸ்நேவிஸுக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடையில் மேசையைத் தட்டவும் தெம்பில்லை. தட்டினால் எந்த இடம் என்று கேட்பார்களே? நேற்றுக் குசினி வாசலில் வந்து நின்றுகொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏளா, அந்தச் செல்லப்பாண்டி சார் மறுபடி எப்ப வருவாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எதுக்குக் கேக்கீய?"

"சும்மாதான். நல்ல மனுஷன். எப்படி இருக்காருன்னு விசாரிக்கக் கூடாதா?"

அந்தச் சின்னப் பார் எங்கே இருக்கிறது என்று இசபெல்லாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கிளாட்வினுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்; அவனுக்கும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. நீங்கள் இந்த ரகம் இல்லை, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத திறந்த மனிதர் என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தச் சின்னப் பார் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல உங்களுக்கு ஆசை வந்ததா, இல்லையா? தெரிந்தால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? யோசிக்கிறீர்களே! போதும், அந்தப் பங்களா வராந்தாவில் எங்கள் ஆட்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன், வாருங்கள்.